தீ மூட்டாத காவல்

கொரோனா நாட்களில் ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளைப் படித்துப் படித்து ஐஜிஜி, ஐஜிஎம் என்ற இரண்டு எதிர்ப்பொருள்களின் பெயர்கள் நமக்குப் பழகிவிட்டன. ஆனால் நம் உடல் மிக அதிகமாகச் செய்யும் எதிர்ப்பொருள் இந்த இரண்டும் அல்ல, ஐஜிஏ. வளர்ந்த ஒருவரின் உடல் நாளொன்றுக்கு 3 முதல் 5 கிராம் வரை ஐஜிஏவைச் செய்து குடலுக்குள் இறக்குகிறது. மற்ற எதிர்ப்பொருள்கள் அத்தனையின் உற்பத்தியைக் கூட்டினாலும் இதற்கு ஈடாகாது. இறக்கியதில் பெரும்பகுதி அங்கேயே செலவாகி மலத்தோடு போய்விடும். மறுநாள் மறுபடி அதே அளவு. எதிர்ப்பொருள் என்பது புரதம்; அது எளிதில் கிடைக்கும் சரக்கு அல்ல. அரைப்பட்டினி கிடப்பவர் உடலும் இந்தச் செலவை நிறுத்துவதில்லை. அப்படி என்ன வேலை இதற்கு என்று பார்க்கப் போனால், உடலியலில் இவ்வளவு நுட்பமான கைவேலை வேறு இருக்கிறதா என்று வியக்கத் தோன்றுகிறது.

முதலில் அது காவல் நிற்கும் இடத்தைப் பார்க்கவேண்டும். குடலின் உட்பரப்பை விரித்தால் டென்னிஸ் மைதானம் அளவு வரும் என்று பாடப்புத்தகங்கள் நெடுங்காலம் சொல்லிவந்தன. 2014இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் திரும்ப அளந்து, சுமார் 30 சதுர மீட்டர்தான் என்றார்கள். போகட்டும், அதுவே பெரிய பரப்பு. அந்தப் பரப்பு முழுவதையும் மூடியிருப்பது ஒற்றை வரிசைச் செல்கள். ஒரு செல் தடிமன், அவ்வளவுதான். அந்தச் செல்களும் நாலைந்து நாளில் உதிர்ந்து புதியவை வந்துவிடும். வரிசைக்கு அந்தப் பக்கம் சோறு, குழம்பு, தண்ணீர், அவற்றோடு வரும் கிருமிகள், ஏற்கெனவே குடியிருக்கும் பாக்டீரியாக்கள். நம் உடலில் வாழும் பாக்டீரியாக்கள் ஏறத்தாழ 38 லட்சம் கோடி என்பது இப்போதைய மதிப்பீடு. அவற்றில் பெரும்பாலானவை பெருங்குடலில் இருக்கின்றன. வரிசைக்கு இந்தப் பக்கம் ரத்தம். தோலைப் போலத் தடித்த சுவர் எழுப்பிக்கொள்ளவும் வழியில்லை. சுவர் தடித்தால் சத்து உள்ளே வராது.

ரத்தத்தில் ஒரு பாக்டீரியா நுழைந்தால் நடப்பது போர். ஐஜிஜி போய் ஒட்டும். உடனே காம்ப்ளிமென்ட் எனும் புரதக் கூட்டம் வந்து கிருமியின் மேல்தோலில் துளை போடும். வெள்ளணுக்கள் பாய்ந்து வந்து விழுங்கும், நச்சு வேதிப்பொருள்களைக் கொட்டும். இடம் வீங்கும், சிவக்கும், சுடும், வலிக்கும். அழற்சி என்பது இதுதான். காலில் முள் குத்திச் சீழ் பிடித்தால் இந்த ஆர்ப்பாட்டம் தேவை, இரண்டு நாளில் அடங்கியும் விடும். லட்சம் கோடிக் கணக்கில் பாக்டீரியா நிரந்தரமாக வாழும் குடலில் இதே முறையைக் கையாண்டால் குடல் ஓயாமல் எரிந்துகொண்டிருக்கும். கிரோன் நோயும் அல்சரேட்டிவ் கொலைடிஸும் வந்தவர்களைக் கேட்டால் அந்த எரிச்சல் எப்படியிருக்கும் என்று சொல்வார்கள்.

ஆகவே குடலுக்கு வேண்டியது பிடிக்கத் தெரிந்த, ஆனால் தீ மூட்டாத காவல். ஐஜிஏ ரத்தத்துப் படையைப் போலக் காம்ப்ளிமென்ட்டைக் கூவி அழைப்பதில்லை. கிருமியைக் கொல்வதும் அநேகமாக இல்லை. பிடிக்கிறது, பிணைக்கிறது, வெளியே போகும் வழியில் சேர்த்துவிடுகிறது.

குடலுக்கென்று தனிக் காவல் உண்டு என்ற எண்ணம் வந்த கதை பழையது. பாரீஸ் பாஸ்டர் நிறுவனத்தில் அலெக்சாந்தர் பெஸ்ரெட்கா 1919இல் முயல்களுக்கு வாய்வழியே சீதபேதிக் கிருமியைக் கொடுத்துப் பழக்கினார். அவை நோயிலிருந்து தப்பின. ஆனால் ரத்தத்தில் இருந்த எதிர்ப்பொருளின் அளவுக்கும் அந்தத் தப்புதலுக்கும் தொடர்பு தெரியவில்லை. 1922இல் ஆர்தர் டேவிஸ் என்பவர் சீதபேதி நோயாளிகளின் மலத்திலேயே எதிர்ப்பொருளைக் கண்டார், அதுவும் ரத்தத்தில் தோன்றுவதற்கு முன்பாக. மலத்தைத் தேடிப் பார்க்கத் துணிந்த அந்த மனிதரை மருத்துவ வரலாறு இன்னும் கொஞ்சம் மதித்திருக்கலாம். ரத்தத்தில் ஐஜிஏவைத் தனியே பிரித்து அடையாளம் காட்டியது 1959இல், பெல்ஜியத்தின் ஜோசப் எரெமான்ஸ். உமிழ்நீரிலும் கண்ணீரிலும் சீம்பாலிலும் அதுதான் ஆட்சி செய்கிறது என்று அமெரிக்காவில் தாமஸ் டொமாசி 1963இல் காட்டினார். ரத்தத்து ஐஜிஏவைவிட உமிழ்நீர் ஐஜிஏ பருமனாக இருக்கிறது, அதோடு கூடுதலாக ஏதோ ஒரு துண்டு ஒட்டியிருக்கிறது என்பதையும் அவர் குழு 1965இல் கண்டது. அந்தத் துண்டில்தான் விஷயம் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

எதிர்ப்பொருள் என்றால் ஆங்கில ஒய் எழுத்தைப் போல ஒரு தண்டு, இரண்டு கைகள் என்று பள்ளியில் வரைந்திருப்போம். குடலுக்குப் போகும் ஐஜிஏ அப்படித் தனியாகப் போவதில்லை. இரண்டு ஒய்கள் அடியோடு அடி சேர்ந்து, நான்கு கைகளோடு போகும். இரண்டையும் சேர்த்துக் கட்டுவது ஜே சங்கிலி என்ற சிறு புரதம். இதை 1970இல் கண்டறிந்தவர்களில் முதன்மையானவர் மேரியன் காஷ்லாண்ட். இவருடைய கதையில் ஒரு சுவை உண்டு. மேரியன் எலியட் என்ற இளம் மாணவியாகச் சிகாகோவில் காலரா ஆய்வில் வேலை செய்தபோது, கினிப்பன்றிகளின் குடலுக்குள் கசியும் எதிர்ப்பொருளைப் பற்றிய 1947ஆம் ஆண்டுக் கட்டுரையில் பங்கெடுத்தார். 23 ஆண்டுகள் கழித்து, அந்த எதிர்ப்பொருளைக் கட்டிவைக்கும் முடிச்சே அவர் கையில் அகப்பட்டது.

நான்கு கை என்பது வெறும் எண்ணிக்கை வேறுபாடு அல்ல. இரண்டு கை ஒரு கிருமியைப் பிடிக்கலாம். நான்கு கை இருந்தால் ஒரு கிருமியைப் பிடித்த பிடியை விடாமலே இன்னொன்றையும் பிடிக்கலாம். இரண்டு ஒய்களும் நேர்கோட்டில் நிற்கும் என்றுதான் வெகுகாலம் படம் வரைந்துவந்தார்கள். 2020இல் உறைநிலை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது அவை சற்றே வளைந்து, ஒரு பக்கம் சாய்ந்து, கோணலாக இருப்பது தெரிந்தது. படம் வரைபவர்கள் சமச்சீரை விரும்புகிறார்கள். இயற்கை அதைப் பொருட்படுத்தவில்லை.

இனிப் பயணம். ஐஜிஏவைச் செய்யும் பிளாஸ்மா செல்கள் அந்த ஒற்றை வரிசைக்கு இந்தப் பக்கம், குடற்சுவருக்குள் இருக்கின்றன. வேலையோ அந்தப் பக்கம். செல்களுக்கு இடையே ஒழுகிப் போகவும் முடியாது, அங்கே தையல் இறுக்கமானது. ஆகவே செல்லின் ஊடே போகவேண்டும். செல்லின் அடிப்பக்கத்தில் ஓர் ஏற்பி நிற்கிறது. ஜே சங்கிலியால் கட்டப்பட்ட ஜோடியாக வந்தால்தான் அது கைகொடுக்கும். ஒற்றையாக வரும் ஐஜிஏவைத் திரும்பிப் பார்க்காது. பிடித்ததும் செல் அந்த இடத்தைக் குமிழாக உள்ளிழுத்து, தன் உடலைக் குறுக்கே கடந்து, மேற்பக்கத்துக்குக் கொண்டு சேர்க்கிறது. அங்கே போனதும் ஏற்பி வெட்டுப்படுகிறது. அதன் வேர் செல்லோடு நின்றுவிட, வெளியே நீட்டியிருந்த பெரும்பகுதி ஐஜிஏவைச் சுற்றிக்கொண்டபடியே அதனோடு போய்விடுகிறது. டொமாசி பார்த்த கூடுதல் துண்டு இதுதான். துண்டே ஏற்பியாக இருக்கவேண்டும் என்று ஓஸ்லோவின் பேர் பிராண்ட்ஸெக் முன்கூட்டியே சொல்லிவந்தார். செல் சவ்வில் பதிந்த பெரிய ஏற்பியிலிருந்துதான் இந்தத் துண்டு வெட்டப்படுகிறது என்று 1980இல் கீத் மாஸ்டவ், குந்தர் புளோபல் குழுவினர் காட்டினார்கள்.

ஏற்பிகள் பொதுவாக இப்படி நடந்துகொள்வதில்லை. சரக்கை இறக்கிவிட்டு அடுத்த சரக்குக்குத் திரும்பும் ஏற்பிகள் நம் உடலில் எத்தனையோ உண்டு. இந்த ஏற்பியோ ஒரே ஒரு தடவைக்குத்தான். ஒவ்வொரு ஐஜிஏ ஜோடிக்கும் ஓர் ஏற்பி செலவு. நாளுக்குச் சில கிராம் ஐஜிஏ கடக்கிறதென்றால், குடற்செல்கள் எவ்வளவு ஏற்பியை உண்டாக்கி உண்டாக்கி இழக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனைக் கொடைமடம் என்று நம் புலவர்கள் செல்லமாகக் கடிந்தார்கள்; மயிலுக்குக் குளிருமா, போர்த்திக்கொள்ளத் தெரியுமா என்று அவன் யோசிக்கவில்லை. குடற்செல் தரும் போர்வை அப்படியல்ல. குடலுக்குள் இருப்பது புரதத்தைத் துண்டுதுண்டாக வெட்டும் செரிமான நொதிகளின் வெள்ளம். போர்வை இல்லாத ஐஜிஏ அதில் அதிக நேரம் தாங்காது. சுற்றியிருக்கும் துண்டு நொதிகள் கத்தி வைக்கும் இடங்களை மறைக்கிறது. அந்தத் துண்டின் மேல் அடர்ந்த சர்க்கரைச் சங்கிலிகள் இருக்கின்றன. அவை குடலின் கோழைப்படலத்தில் ஒட்டிக்கொண்டு, ஐஜிஏ அடித்துச் செல்லப்படாமல் காவலுக்குரிய இடத்திலேயே நிற்கச் செய்கின்றன. கடத்தியதும் அதுவே, கவசமானதும் அதுவே, நங்கூரமானதும் அதுவே. ஒரே பொருளில் மூன்று பயன். சரக்கு வராத நேரத்திலும் சில ஏற்பிகள் வெறுமனே கடந்துபோய் வெட்டுப்பட்டு வெளியே விழுகின்றன. அவையும் வீண் இல்லை. சில நச்சுகளையும் கிருமிகளையும் தாமே பற்றிக்கொள்கின்றன.

ஐஜிஏ கடக்கும் வழியிலும் சும்மா இருப்பதில்லை. செல்லுக்குள் ஏற்கெனவே புகுந்துவிட்ட வைரஸைப் போகிற போக்கில் குமிழுக்குள்ளேயே மடக்கும் என்று ஆய்வகச் செல்களில் காட்டியிருக்கிறார்கள். குடற்சுவருக்குள் கசிந்துவிட்ட அந்நியப் பொருளைப் பற்றிக்கொண்டு, அதையும் தன்னோடு வெளியே கொண்டுபோய்க் கொட்டவும் செய்யும். உள்ளே வந்த குப்பையை உள்ளேயே எரிக்காமல் வெளியே எடுத்துப்போகும் இந்த வழக்கம் எனக்கு மிகவும் பிடித்தது.

அந்தப் பக்கம் போன பிறகு என்ன செய்கிறது? காலராக் கிருமியை எடுத்துக்கொள்ளுங்கள். அது குடற்சுவரைத் துளைத்து உள்ளே வருவதில்லை. மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு நச்சைச் சுரக்கிறது. அந்த நச்சு செல்லில் பட்டதும் தண்ணீர் கொட்டத் தொடங்குகிறது. ரத்தத்துக்குள் எவ்வளவு படை இருந்தாலும் எதிரி வாசலுக்கு வெளியிலேயே காரியத்தை முடித்துவிடுகிறான். அங்கே நிற்கும் ஐஜிஏதான் கிருமி ஒட்டும் கொக்கிகளை மூடவேண்டும், நச்சு செல்லைத் தொடுமுன் அதன் மேல் உட்காரவேண்டும். சால்மோனெல்லாவின் மேல் சரியான ஐஜிஏ ஒட்டினால் அதன் நீச்சலே நின்றுவிடுகிறது. வாலிருந்தும் நகர முடியாமல் கிடக்கிறது.

ஆனால் நான் மிகவும் ரசிப்பது 2017இல் சூரிச்சின் ஈடிஎச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட செய்தியை. ஐஜிஏ கிருமிகளைத் திரளாக ஒட்டவைக்கும் என்பது பழைய பாடம். நான்கு கை, இங்கொன்று அங்கொன்று பிடித்தால் திரண்டுவிடும் என்று எல்லோரும் சொல்லிவந்தார்கள். ஒரு கணக்கு மட்டும் இடித்தது. நோய்க்கிருமி குடலுக்குள் வரும்போது மிகச் சில உயிர்களாகவே வருகிறது. அந்தப் பரந்த கூழில் ஒன்றை ஒன்று தற்செயலாகச் சந்திப்பதே அரிது. சந்திக்காதவற்றை எப்படி ஒட்டுவது? எலிகளில் சால்மோனெல்லாவைப் பின்தொடர்ந்து பார்த்தபோது விடை கிடைத்தது. ஐஜிஏ அந்நியரைத் தேடிப் போய்ச் சேர்க்கவில்லை. ஒரு பாக்டீரியா இரண்டாகப் பிரியும் தருணத்தில், தாயையும் மகளையும் பிரியவிடாமல் பிடித்துக்கொள்கிறது. இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும். எதுவும் பிரிந்து போகமுடியாது. பெருகப் பெருகச் சங்கிலி நீள்கிறது. கிருமியின் பெருக்கமே அதற்கு விலங்காகிறது. வேகமாகப் பெருகும் கிருமிதான் வேகமாக மாட்டும். மந்தமாக வாழும் சாதுவான குடியிருப்பாளர்களை அதே அளவுக்கு இது தொந்தரவு செய்வதில்லை. நல்லது கெட்டது என்று பெயர்ப்பலகை பார்க்காமல், நடத்தையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லும் முறை இது.

இதில் இன்னொரு நுணுக்கம். பாக்டீரியாக்கள் ஒன்றுக்கொன்று மரபணுக்களைக் கைமாற்றிக்கொள்ளும். மருந்துக்கு அடங்காத தன்மை பரவுவது பெரும்பாலும் அப்படித்தான். ஒரே தாய்வழி வந்தவை ஒரே கட்டில் கிடந்தால், வேற்றாரோடு கைமாற்று நடப்பதும் குறைந்துவிடுகிறது. ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமல், ஒரு வெள்ளணுவை எழுப்பாமல் இத்தனையும் நடந்து, கட்டு முழுவதும் மலத்தோடு இறங்கிவிடுகிறது.

கிருமிகளும் சும்மா இருந்துவிடவில்லை. ஐஜிஏவின் கையும் தண்டும் சேரும் இடத்தை வெட்டும் நொதியைச் சில பாக்டீரியாக்கள் செய்கின்றன. அதற்கு எதிராக மனித உடலில் ஐஜிஏ இரண்டு வகையாக இருக்கிறது. இரண்டாம் வகையில் அந்த வெட்டுப்படும் இடமே இல்லை. பாக்டீரியா நெரிசல் மிகுந்த பெருங்குடலில் அந்த இரண்டாம் வகைதான் மிகுதி.

எந்தக் கிருமிக்கு எந்த ஐஜிஏ என்று யார் கற்றுக்கொடுக்கிறார்கள்? சிறுகுடலில் ஆங்காங்கே மேடுதட்டிய திட்டுகள் உண்டு. சுவிட்சர்லாந்தின் யோகான் கொன்ராட் பேயர் 1677இல் இவற்றை விவரித்ததால் பேயர் திட்டுகள் என்று பெயர். குடலிலிருக்கும் பொருளின் மாதிரியை உள்ளே எடுத்துவிடும் தனிச் செல்கள் அவற்றின் மேல் உண்டு. அங்கே பாடம் கற்ற, பின்னர் பிளாஸ்மா செல்லாக மாறும் பி செல் உடனே அங்கேயே உட்கார்ந்துவிடாது. நிணநீர் வழியாகக் கிளம்பி, ரத்தத்தில் கலந்து, உடலைச் சுற்றிவிட்டுக் குடற்சுவருக்கே திரும்பி வருகிறது. திரும்பும் முகவரி அதற்கு எப்படித் தெரியும்? குடலில் இருக்கும் வழிகாட்டிச் செல்கள் வைட்டமின் ஏவிலிருந்து ஒரு பொருளைச் செய்து, அதைக் கொண்டு பி செல்லின் மேல் முத்திரை குத்தி அனுப்புகின்றன. முருங்கைக்கீரையிலும் மாம்பழத்திலும் இருக்கும் சத்துக்கு இப்படியும் ஒரு வேலை இருக்கிறது. திரும்பி வந்து அமர்ந்த பிளாஸ்மா செல்களில் சில, மனிதக் குடலில் பத்தாண்டுக் கணக்கில் உயிரோடு இருந்து வேலை பார்க்கின்றன.

ஐஜிஏவின் வேலை துரத்துவது மட்டும்தான் என்று நினைத்துவிடக் கூடாது. பாக்டீராய்டஸ் ஃபிராஜிலிஸ் என்ற குடியிருப்புப் பாக்டீரியா தன் மேலுறையைத் திருத்தி ஐஜிஏவைத் தானே வரவழைத்து, அதைக் கொண்டே கோழைப்படலத்தில் நிலையாக இடம் பிடிக்கிறது என்று 2018இல் கலிபோர்னியாவில் கண்டார்கள். காவலரின் கையைப் பிடித்தபடி குடியேறும் சாமர்த்தியம்! இதற்கு நேர்மாறாக, குடல் அழற்சி நோயாளிகளிடமிருந்து ஐஜிஏ தடிமனாகப் போர்த்தியிருந்த பாக்டீரியாக்களை மட்டும் பிரித்து, கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்குக் கொடுத்தபோது அந்த எலிகளுக்கு அழற்சி கடுமையானது என்று 2014இல் யேல் பல்கலைக்கழகக் குழு காட்டியது. எவன் மேல் கண் வைக்கவேண்டும் என்று ஐஜிஏ ஏற்கெனவே குறித்துவைத்திருந்தது. மருத்துவர்கள் அந்தக் குறிப்பைப் பின்னால் படித்தார்கள்.

இடம் மாறினால் இதே பொருள் தொல்லைதான். ரத்தத்து ஐஜிஏ சிறுநீரகத்தின் வடிகட்டிகளில் போய்ப் படிந்து கெடுக்கும் நோயைப் பாரீஸில் ஜான் பெர்ஜே 1968இல் விவரித்தார். இன்னொரு பக்கம், ஐஜிஏவே இல்லாமல் பிறப்பவர்களும் உண்டு. ஐரோப்பிய வம்சாவளியினரில் சுமார் 600 பேரில் ஒருவருக்கு இந்தக் குறை. ஜப்பானியரிடம் மிக அரிது. இவர்களில் பெரும்பாலோர் நலமாகவே வாழ்கிறார்கள். ஐஜிஎம்மிலும் ஜே சங்கிலி இருப்பதால் அதே ஏற்பி அதையும் அழைத்துக் கடத்திவிடுகிறது. ஒரு சாராருக்கு ஜியார்டியா போன்ற குடல் தொற்றும் சீலியாக் நோயும் அதிகம் வருகின்றன.

நம் ஊரிலும் இந்தக் காவலின் குணத்தைக் கூர்ந்து பார்த்தவர்கள் உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டி. ஜேக்கப் ஜான், மேலைநாட்டுக் குழந்தைகளிடம் நன்றாக வேலை செய்த போலியோ சொட்டு மருந்து நம் குழந்தைகளிடம் அதே மூன்று தவணையில் போதிய பலன் தரவில்லை என்று 1972இல் எழுதினார். அப்போது பலருக்கு ருசிக்காத உண்மை அது. திரும்பத் திரும்பச் சொட்டு மருந்து கொடுத்துத்தான் நாடு போலியோவை வென்றது. கடைசி நோயாளி 2011 ஜனவரியில். போலியோ தடுப்பூசி மட்டும் போட்டால் ரத்தம் தயாராகிறது, குழந்தை முடமாகாது, ஆனால் குடலில் வைரஸ் வளர்ந்து பரவுவதை அது சரியாகத் தடுப்பதில்லை. ஆனால் முன்பே சொட்டு மருந்து குடித்த குழந்தைகளுக்கு ஓர் ஊசி போட்டால் குடலின் காவல் மறுபடி விழித்துக்கொள்கிறது என்று அதே வேலூரில் நடந்த ஆய்வு 2014இல் தெரிவித்தது. குடலுக்கு முதல் பாடத்தைக் குடல் வழியாகத்தான் சொல்லவேண்டும், சொல்லிவிட்டால் மறக்காது.

அந்தப் பாடம் எதையும் இன்னும் கற்காத குடல் ஒன்று உண்டு. பிறந்த குழந்தையின் குடல். ஐஜிஏவைத் தானே போதுமான அளவு செய்துகொள்ள அதற்கு மாதங்கள் ஆகும். நாம் சர்க்கரை போட்டு அவித்துத் தின்னும் மாட்டுச் சீம்பாலில் மிகுந்திருப்பது ஐஜிஜி. தாய் வயிற்றில் இருக்கும்போது கன்றுக்கு அது கிடைப்பதில்லை, பிறந்து குடித்துத்தான் ரத்தத்தில் ஏற்றிக்கொள்ளவேண்டும். மனிதக் குழந்தைக்கு ஐஜிஜி நஞ்சுக்கொடி வழியாகவே வந்துவிடுகிறது. ஆகவே மனிதச் சீம்பாலில் ததும்புவது ஐஜிஏ, அதுவும் மேற்சொன்ன போர்வையோடு. முதல் நாட்களில் லிட்டருக்கு 10 கிராமையும் தாண்டும். பிறகு பல மடங்கு குறைந்து 1 கிராம் அளவில் நிற்கும். அது குழந்தையின் ரத்தத்துக்குப் போவதில்லை. குடலிலேயே தங்கிக் காவல் காக்கிறது.

அந்த ஐஜிஏ எந்தக் கிருமிகளை அறியும்? தாயின் குடல் சந்தித்தவற்றை. 1975இல் சுவீடனின் லார்ஸ் ஹான்சன் உள்ளிட்டோர், பிரசவத்துக்கு நெருங்கிய பெண்களுக்குத் தீங்கற்ற ஒரு ஈ. கோலை வகையை வாய்வழியே கொடுத்துப் பார்த்தார்கள். அதற்கெதிரான எதிர்ப்பொருளைச் செய்யும் செல்கள் அவர்களுடைய சீம்பாலில் வந்து சேர்ந்திருந்தன. குடலில் பாடம் படித்த செல், மகப்பேற்றுக் காலத்தில் மார்புக்கு இடம்பெயர்கிறது. அந்த வீட்டின் தண்ணீரிலும் தரையிலும் கையிலும் எந்தக் கிருமி இருக்கிறதோ, அதற்கேற்ற காவல் அந்தத் தாயின் பாலில் இருக்கும். குறைமாதக் குழந்தைகளின் குடல் அழுகும் கொடிய நோயை ஆராய்ந்த பிட்ஸ்பர்க் குழு, நோய் வருமுன் அந்தக் குழந்தைகளின் குடல் பாக்டீரியாக்களில் ஐஜிஏ போர்த்தியவை குறைந்துபோயிருந்தன என்று 2019இல் எழுதியது.

நம் பக்கத்தில் இன்னும் சில வீடுகளில் முதல் பாலைக் கெட்டபால் என்று பீய்ச்சிக் கொட்டிவிட்டு, சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைக்கிறார்கள். கழுதைப்பால் ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். மஞ்சளாக, கெட்டியாக, கொஞ்சமாக வருகிறதே என்று தயங்கவேண்டாம். உங்கள் வீட்டில் குழந்தை பிறந்தால் ஒரு மணி நேரத்துக்குள் தாய்மார்பில் போடுங்கள். அந்தச் சீம்பாலில் ஒரு சொட்டும் கீழே போக விடாதீர்கள்.